உள்ளூர்க் கடையும் வெளியூர்க் கடையும்

மின்னி பேயில் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. வேண்டிய பொருளை அபர்தீன் கடைத்தெருவிலேயே வாங்கிவிடுவதா, அன்றிச் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ சொல்லிவிட்டுக் கப்பல் வரும்வரை காத்திருப்பதா என்பதே அது. சென்னைக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. தையற்பொறியாயினும் மணப்பெண்ணின் கூறைப் புடவையாயினும் இந்த வினாவுக்குத் தப்புவதில்லை. உள்ளூரில் விலை சற்றுக் கூடுதல். வெளியூரில் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு மிகுதி. பழுது நேர்ந்தால் உள்ளூர்க்காரரை மறுநாளே கேட்கலாம்; வெளியூர்க்காரரைக் கேட்க மறு கப்பல் வேண்டும். இவ்வாறு இருபுறமும் நிறுத்துப் பார்த்தே நாம் வாழ்ந்து வருகிறோம்.

எல்லாப் பொருளையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருளைக் கேட்டால் அன்பர்கள் வியப்படையக்கூடும். அது துப்பாக்கி. நான் வேட்டைக்காரன் அல்லன். படையில் இருந்தவனும் அல்லன். கணக்கெழுதிக் காலம் கழித்தவன். ஆயினும் நம்மில் எத்தனையோ பேருடைய பிறந்த ஊர் வீட்டில், தந்தையாரோ பாட்டனாரோ பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்று வைத்திருந்த பழைய துப்பாக்கி ஒன்று இன்றும் பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை என்ன செய்வது என்னும் கேள்வி, கடல் கடந்து வந்துவிட்ட பிள்ளைகளை ஒருநாள் தேடிக்கொண்டு வரும். எங்களை அது 2017-ஆம் ஆண்டில் தேடி வந்தது.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. தந்தையாரிடம் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. மலைத்தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து முறைப்படி உரிமம் பெற்று வாங்கியது. பர்மிங்காமில் செய்யப்பட்டது என்பதற்கான பொறிப்பு அதன் குழலில் இருந்தது. சோளக் கொல்லையில் பன்றி இறங்கும் காலங்களில் அதைத் தோளில் சார்த்திக்கொண்டு அவர் காவலுக்குப் போவது ஊரார் அனைவரும் அறிந்த காட்சி.

அவர் மறைந்தபோது நான் இங்கிருந்து சென்றேன். காரியம் முடிந்த மூன்றாம் நாள், துப்பாக்கியை என்ன செய்வது என்று தம்பி கேட்டான். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. உரிமம் என்பது மனிதருக்கு வழங்கப்படுவது, வீட்டுக்கு வழங்கப்படுவதன்று. உரிமம் உடையவர் மறைந்தால் அவருடைய துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க எவருக்கும் உரிமை இல்லை. காலந் தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ அதை ஒப்படைத்து ரசீது பெறல் வேண்டும். மாவட்டத்திலேயே இருந்த சிறு கடை ஒன்றில் நாங்கள் ஒப்படைத்தோம். தந்தையார் நெடுநாள் பழகிய கடை அது. கடைக்காரப் பெரியவர் எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, ரசீதைக் கொடுத்து, "அவர் துப்பாக்கி இங்கே பத்திரமாக இருக்கும், தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இனித் தம்பி தன் பெயருக்கு உரிமம் பெறவேண்டும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், மறைந்தவரின் வாரிசுக்கு உரிமம் கோர வழி செய்துள்ளன. உரிமம் உடையவர் உயிருடன் இருக்கும்போதே, அவர் 70 வயதை எட்டியிருந்தாலும், 25 ஆண்டுகள் அத்துப்பாக்கியை வைத்திருந்தாலும், வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. விண்ணப்பம், மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, மற்ற வாரிசுகளின் இசைவு, காவல்துறை விசாரணை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓராண்டுக்கு மேல் கழிந்தது. அந்த ஓராண்டில் இரண்டு போகங்கள் பன்றிக் கூட்டத்துக்கு இரையாயின. கூட்டுறவுச் சங்கத்தில் தம்பி வாங்கியிருந்த கடன் அப்படியே நின்றது.

இத்தகைய வேளையில்தான் மூன்றாவது வகைக் கடை ஒன்று தானாகவே வீடு தேடி வந்தது. பழகிய ஒருவர் வழியாக ஒரு தரகர் வந்தார். வடக்கே பீகாரில் செய்த துப்பாக்கி என்றும், காகிதம் எதுவும் வேண்டா என்றும், விலை பாதிதான் என்றும் ஆசை காட்டினார். அங்குள்ள முங்கேர் நகரில் அரசு உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைகள் நெடுங்காலமாக உண்டு. அந்நகரின் பெயரைச் சொல்லிக் கள்ளத் துப்பாக்கி விற்போரும் உண்டு. தம்பி எனக்குத் தொலைபேசியில் கூறினான்: "அண்ணே, உரிமம் வரும்போது வரட்டும். இப்போதைக்கு ஒரு சத்தம் போடவாவது வேண்டாமா?"

அவன் துயரம் எனக்குத் தெரியாததன்று. எனினும் நான் சொன்னேன்: "செய்தவர் பெயரும் எண்ணும் பொறிக்காத துப்பாக்கியை வாங்குவதே சட்டப்படி குற்றம். அது நேற்று எந்த ஊரில் எவர் கையில் இருந்தது என்பதை நீ அறியமாட்டாய். எங்கேனும் ஒரு கொலையில் பயன்பட்டிருந்தால் அதன் கடைசி முகவரி உன் வீடாகத்தான் இருக்கும். உன் மகள் காவல்துறைத் தேர்வுக்குப் படிக்கிறாள். அதை நினைத்துப் பார்." மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "சரி அண்ணே" என்றான். தரகர் மறுபடி வரவில்லை.

2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உரிமம் கைக்கு வந்தது. அவ்வேளை நான் விடுப்பில் கப்பலேறிச் சென்னை சென்றேன். என்னை எதிர்கொள்ள வந்த தம்பி, வந்த கையோடு நகரத்துப் பெரிய கடை ஒன்றைப் பார்த்துவிடலாம் என்றான். அங்கே கண்ட காட்சி உள்ளூர்க் கடையில் காணற்கரியது. கண்ணாடிப் பேழைகளில் கான்பூரில் செய்யப்பட்ட .32 கைத்துப்பாக்கிகள் வரிசையாக இருந்தன. டெல்லியில் 2012-இல் கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்த பெண்ணின் நினைவாகப் பெயரிட்டு 2014-இல் வெளிவந்த "நிர்பீக்" என்னும் எடை குறைந்த கைத்துப்பாக்கியும் அங்கே இருந்தது. சுவரில் ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலுமாகப் பல சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பணியாளர் மரியாதையாக நடந்துகொண்டார். தம்பியின் உரிமத்தை வரி வரியாகப் பார்த்து, ஒரு பெட்டிப் பன்னிரண்டு போர் தோட்டாக்களைக் கொடுத்து, உரிமத்திலும் பதிவேட்டிலும் எழுதி முத்திரையிட்டு ரசீதும் தந்தார். விலையும் ஊரைவிடக் குறைவு. சட்டம் கேட்டதில் ஒன்றும் குறைவைக்கவில்லை. பர்மிங்காம் துப்பாக்கி என்று உரிமத்தில் கண்டதும், விற்க எண்ணம் உண்டானால் நல்ல விலை தருவோம் என்றும் கூறினார். அதற்குக் காரணம் உண்டு. தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதற்கு 1980-களின் நடுவிலிருந்து கட்டுப்பாடு இருப்பதால், நாட்டிற்குள் முன்பே வந்துவிட்ட பழைய சீமைத் துப்பாக்கிகளுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டுவிட்டது.

தோட்டாப் பெட்டியுடன் ஊர் போய்ச் சேர்ந்தோம். தந்தையாரின் துப்பாக்கியை மீட்க உள்ளூர்க் கடைக்குச் சென்றபோது பெரியவர் அப்பெட்டியைப் பார்த்தார். வெளியூரில் வாங்கிவிட்டார்களே என்று வருந்துவார் என நான் நினைத்தேன். அவரோ, "இதை எந்தத் துப்பாக்கிக்காக வாங்கினீர்கள்?" என்று கேட்டார். பிறகு துப்பாக்கியை எடுத்து மடக்கித் திறந்து, தோட்டா அமரும் அறைக்குள் ஓர் அளவுகோலை விட்டுக் காட்டினார்.

"இந்த அறை இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர். பெட்டியில் இருப்பது 70 மில்லிமீட்டர்த் தோட்டா. உள்ளே போகுமா என்றால், போகும். ஆபத்தே அங்குதான் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். மடித்த வாய் விரிவதற்கு இந்த அறையில் இடம் இல்லை. அழுத்தம் ஏறும். புதுத் துப்பாக்கியே அதை விரும்பாது. இது கிழத் துப்பாக்கி." இவ்வாறு கூறிவிட்டுக் குழலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேற்பரப்பில் மரத்தின் வரிபோல் சுழன்று செல்லும் கோடுகள் தெரிந்தன. இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்த குழல் அது. கரிமருந்துக் காலத்துக்கு ஏற்றது. புகையில்லா மருந்தின் விசையைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. உட்புறத்தில் துருவேறிய பள்ளங்களும் இருந்தன.

"என் கடையில் குட்டைத் தோட்டாவும் கிடைக்கும். ஆனாலும் இதற்கு நான் ஒரு தோட்டாவும் விற்கமாட்டேன்" என்றார் பெரியவர்.

"எங்கள் அப்பா இத்தனை காலம் சுட்டாரே?" என்றான் தம்பி.

பெரியவர் சற்றுத் தயங்கினார். "பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் என்னிடம் தோட்டா வாங்கவில்லை. பதிவேட்டைப் பாருங்கள்" என்று பழைய ஏட்டை எடுத்து வைத்தார். அவர் சொன்னது உண்மை. கடைசிப் பத்து ஆண்டுகளில் தந்தையார் பெயரில் ஒரு வரவும் இல்லை.

எங்கள் தந்தையார் பத்தாண்டுக் காலம் தோட்டா இல்லாத துப்பாக்கியைத் தோளில் சார்த்திக்கொண்டு இரவெல்லாம் கொல்லையைச் சுற்றி வந்திருக்கிறார். கையில் ஒரு தகர டப்பாவும் கழியும் இருந்தன. அவற்றைத் தட்டியே பன்றிகளை விரட்டியிருக்கிறார். அதை அவர் மனைவியிடமும் சொல்லவில்லை, மக்களிடமும் சொல்லவில்லை. புதிதாக வாங்கித் தருமாறு தீவிலிருக்கும் மகனுக்கு ஒரு வரி எழுதவும் இல்லை. தம்பி ஏட்டைப் பார்த்தபடியே நெடுநேரம் நின்றான். எங்கள் வீட்டில் எவரும் அறியாத செய்தி ஒன்று, கடைக்காரர் ஒருவரின் கணக்கேட்டில் இருந்தது.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்வேன். பெரியவர் சொன்ன யோசனையின்படி, உரிய அனுமதி பெற்றுப் பழைய துப்பாக்கியைச் சென்னைக் கடையிலேயே விற்றோம். அவர்கள் சொன்ன சொல் தவறாமல் நல்ல விலை கொடுத்தார்கள். அப்பணத்தில் இந்திய நாட்டுப் புதிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை உள்ளூர்க் கடை வழியாக வரவழைத்தோம். விலை சென்னையைவிடச் சற்றுக் கூடுதல்; இரண்டு மாதம் காத்திருக்கவும் நேர்ந்தது. அதுவரை தோட்டாப் பெட்டியைப் பெரியவர் தம் பொறுப்பில் வைத்து ரசீது தந்தார். துப்பாக்கி வந்த அன்று தம்பியை அரை நாள் நிறுத்திவைத்து, பூட்டுவது, துடைப்பது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் தோட்டாவை வேறிடத்தில் பூட்டிவைப்பது எல்லாம் கற்றுக்கொடுத்த பிறகே அனுப்பினார். 2021-இல் சட்டமன்றத் தேர்தலுக்காகத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னபோது, தம்பி தன் துப்பாக்கியை அக்கடையிலேயே வைத்து, தேர்தல் முடிந்தபின் திரும்பப் பெற்றான். சென்னைக் கடை எவ்வளவு பெரிதாயினும் இந்த உதவிக்கு எட்டாத் தொலைவன்றோ?

இதனால் வெளியூர்க் கடைகள் தாழ்ந்தவை என்று நான் கூறவில்லை. விற்பதற்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் நகரத்துக் கடையே எங்களுக்கு உதவிற்று. உள்ளூர்க் கடையில் சரக்குக் குறைவு, நண்பகலில் கதவடைப்பு, விலையில் பேரமில்லை. ஆனால் நகரத்துக் கடை உரிமத்தைப் பார்த்தது. உள்ளூர்க் கடை மனிதரையும் துப்பாக்கியையும் பார்த்தது. புடவையில் தவறான அளவு வந்தால் தையற்காரரிடம் கொடுக்கலாம். தோட்டாவில் தவறான அளவு வந்தால் கண்ணையும் கையையும் அல்லவா கொடுக்க நேரும்?

முகம் பாராமல் துப்பாக்கி விற்பதன் கேட்டை உலகம் ஒருமுறை கண்டிருக்கிறது. அமெரிக்க நாட்டுத் தலைவர் கென்னடியை 1963 நவம்பர் 22 அன்று வீழ்த்திய துப்பாக்கி, அஞ்சல் வழியாக வாங்கப்பட்டது. சிகாகோ நகரத்துக் கடை ஒன்றுக்கு ஆஸ்வால்டு பொய்ப் பெயரில் எழுதி, இருபத்திரண்டு டாலருக்கும் குறைவான பணம் அனுப்பி அதைப் பெற்றுக்கொண்டார். 1968-இல் அந்நாடு சட்டம் இயற்றி, அவ்வாறு மாநிலம் விட்டு மாநிலம் அஞ்சலில் துப்பாக்கி அனுப்புவதைப் பொதுமக்களுக்குத் தடை செய்தது.

பெரிய கடை என்பதனாலேயே காவல் பெரிதாகிவிடாது என்பதற்கும் நம் கப்பல் செல்லும் கல்கத்தாவிலேயே சான்று உண்டு. 1914 ஆகஸ்ட் 26 அன்று, ராடா என்னும் பெயர்பெற்ற ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனத்துக்குத் துறைமுகத்திலிருந்து வந்த சரக்கில் 50 மாசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் புரட்சி வீரர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. சரக்கை எடுத்துவரச் சென்ற ஸ்ரீஷ் சந்திர மித்திரர் என்னும் எழுத்தர், ஒரு மாட்டு வண்டியை மட்டும் வேறு தெருவில் திருப்பிவிட்டார். அந்நாளின் அறமும் அரசியலும் வேறு. ஆயினும் ஏட்டின் காவல் அதை எழுதும் மனிதரைப் பொறுத்தது என்னும் உண்மை எந்நாளுக்கும் ஒன்றே.

இன்னொன்றும் கூறியாகவேண்டும். துப்பாக்கி உரிமம் இருப்பதனாலேயே பன்றியைச் சுட்டுவிடலாம் என்று எண்ணுவோர் பலர். அது தவறு. காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. 2025-இன் தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்த முறையின்படியும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடுவது வனத்துறையினரின் பணியேயன்றி உழவரின் பணியன்று. ஆதலின் தம்பியின் துப்பாக்கி வானத்தை நோக்கி மட்டுமே பேசுகிறது. அதுவும் வேறு வழி இல்லாதபோதுதான்.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் வாழும் குடும்பங்களுக்கு முடிவாகச் சில சொல்வேன். ஊரில் பெரியவர் உயிருடன் இருக்கும்போதே துப்பாக்கி உண்டா, உரிமம் எதுவரை செல்லும் என்று கேட்டுவையுங்கள். விதிகள் இடம் கொடுத்தால் அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமம் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. அவர் மறைந்தால் ஒருநாளும் தாமதியாமல் ஒப்படைத்து ரசீது பெறுங்கள். நினைவுப் பொருள் என்று பரணில் வைத்திருப்பது குடும்பத்தின் தலைமேல் கத்தியைத் தொங்கவிடுவதாகும். தனியாருக்கு விற்பதாயின், வாங்குபவர் பெயரை மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாட்கள் பொறுத்திருக்கவேண்டும் என்பதை மறவாதீர். படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர்கள், தம் உரிமம் எந்த எல்லைவரை செல்லும் என்பதைப் பாராமல் தீவுக்கும் தாயகத்துக்கும் இடையே துப்பாக்கியைக் கொண்டுசெல்லற்க.

எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்பீராயின் என் விடை இதுதான்: "எந்தத் துப்பாக்கிக்காக?" என்று உங்களைத் திருப்பிக் கேட்கும் கடையில் வாங்குங்கள். அது உள்ளூரில் இருக்குமானால் விலை சற்றுக் கூடினும் குற்றமில்லை. விற்க மறுக்கத் தெரிந்த வணிகர் இருக்கும் ஊர், பேறு பெற்ற ஊர்.